பூட்டுக்காரரை நாங்கள் பூட்டவில்லை

ஆண்டவருக்குள் மிகுந்த மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மகளின் மாமனார் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது:

இவ்விடம் நானும் என் மனைவியும், தங்கள் மகளும் மாப்பிள்ளையும் கர்த்தரின் தயவால் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது தனக்குத் தானே ஏதோ முனகிக்கொள்கிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மாளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தங்கள் கடிதத்தில் நலம் பற்றி ஒரு வரியும் இல்லை. "கேள்விப்பட்டு அதிர்ந்தேன்" என்று தொடங்கி, "உடனே விளக்கம் எழுதவும்" என்று முடித்திருந்தீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, தங்கள் மகள், "மாமா, அப்பா எழுதினா அப்படித்தான். எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதினாலும் நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும்" என்று ஆறுதல் சொல்லி ஒரு டீயும் போட்டுக் கொடுத்தாள். நல்ல பெண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்காகவே இந்த விளக்கம்.

தங்களுக்கு எட்டிய செய்தி இது: நானும் ஒரு கறிக்கடைக்காரரும் சேர்ந்து, பூட்டு ரிப்பேர் செய்யும் ஒரு மனிதரை அவருடைய கடைக்குள்ளேயே வைத்துப் பூட்டி, அவர் மனந்திரும்பும்வரை மாறி மாறிப் பிரசங்கம் செய்தோம், கடைசியில் தெருவே திரண்டு வந்து அவரை மீட்டது. சம்பந்தி, இதில் கடை உண்மை, கறிக்கடைக்காரர் உண்மை, தெரு திரண்டது உண்மை. நாங்கள் யாரையும் பூட்டவில்லை. நாங்கள்தான் பூட்டப்பட்டோம். இதை ஆதியிலிருந்து சொன்னால்தான் விளங்கும். தாங்கள் தங்கள் சபைக் கமிட்டியில் செயலாளராக இருக்கிறவர், இந்தச் சீஷத்துவப் பயிற்சியை எங்கள் போதகருக்குச் சிபாரிசு செய்ததே தாங்கள்தான், ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படிக்கும் கடமையும் தங்களுக்கு உண்டு.

நான் ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருந்தேன் என்று என் மனைவி சொல்வாள். சும்மா இருக்கவில்லை. சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினேன். உப்பு எது சர்க்கரை எது என்று தெரியாமல் போனது உண்மைதான், ஆனால் பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்தது. அந்த வாரம்தான் ஆராதனை முடிவில் போதகர் பயிற்சியைப் பற்றி அறிவித்து, "சேர விரும்புறவங்க கையைத் தூக்குங்க" என்றார். என் மனைவி தூக்கினாள். முதலில் தூக்கியது என் கையை. அதற்குப் பிறகுதான் தன் கையை. "நீங்க வீட்டை விட்டு வெளிய போனா அதுவே எனக்கு ஒரு ஆசீர்வாதம்" என்று காதோரம் சொன்னாள். அந்தத் தொனியில் ஒரு ஆவிக்குரிய ஏக்கம் இருந்ததால் நான் மறுக்கவில்லை.

பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில் தொங்கும். எங்கள் எல்லாருக்கும் அவர் விசில் அம்மாதான். சபை மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லிவிட்டு, அவர் மட்டும் உட்காரவே மாட்டார். வட்டத்தைச் சுற்றி நடந்துகொண்டே பாடம் நடத்துவார். பேசுகிறவரைப் பார்க்க நாங்களும் கழுத்தைத் திருப்பித் திருப்பி, வகுப்பு முடியும்போது எல்லாருக்கும் கழுத்து சுளுக்கு. வீடு வீடாகப் போய் அக்கம்பக்கத்து மக்களைச் சந்திப்பது, அவர்களோடு பழகுவது, வாய்ப்பு அமைந்தால் தன் விசுவாசத்தைப் பற்றி மூன்று நிமிடத்துக்குள் சாட்சி சொல்வது, இதுதான் பயிற்சி. மூன்று நிமிடம் தாண்டினால் விசில். "கேக்குறவங்களுக்கும் அடுப்புல பால் இருக்கும், புள்ளைக்குப் பரீட்சை இருக்கும். சுருக்கமா சொல்லுங்க!" என்பார். நியாயமான பேச்சு. எங்கள் போதகரும் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் கொஞ்சம் குறைந்தது. அந்த ஒரு நன்மைக்காகவே தங்கள் சிபாரிசுக்கு இந்தச் சபை கடன்பட்டிருக்கிறது.

எனக்கு ஜோடியாகக் கொடுக்கப்பட்டவர்தான் கறிக்கடைக்காரர். அண்மையில் சபைக்கு வந்தவர். ஆள் வாசல் நிலையை அடைத்துக்கொண்டு நிற்பார். கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு. குரல் மட்டும் தொட்டில் பக்கத்தில் பேசுகிற குரல். கண்ணீர் வேறு சட்டென்று வந்துவிடும். அவருடைய சாட்சியைக் கேட்க வேண்டுமே! முன்கோபம், சண்டை, எதிர்க்கடை ஷட்டரைப் பெயர்த்தது, பெயர்த்த ஷட்டரைத் திரும்பத் தானே தூக்கி மாட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டது, எல்லாம் அதில் உண்டு. ஷட்டரை மாட்டுகிற இடம் வரும்போது அவர் அழுவார், வட்டம் முழுக்க அழும், விசில் அம்மா விசிலை வாயில் வைத்தபடியே அழுவார், அதனால் அது லேசாகக் கீச்சென்று கத்தும். அடுத்து என் முறை. நான் எழுந்து, இந்தச் சபையில் பிறந்தேன், இதே சபையில் ஞானஸ்நானம், இதே சபையில் கல்யாணம், தொலைபேசி அலுவலகத்தில் புகார் பிரிவில் வேலை, ஓய்வு என்று சொல்லி உட்கார்ந்தேன். விசில் அம்மா விடவில்லை.

"அதெல்லாம் சரி சார். உங்க வாழ்க்கையில பெரிய மாற்றம் நடந்த தருணம் எது?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். வட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவி, "இன்னும் நடக்கல மேடம். நாங்களும் காத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். போதகர் இருமுவது போல் சிரித்தார். கறிக்கடைக்காரர் மட்டும் என் முதுகைத் தட்டி, "கவலைப்படாதீங்கண்ணே, உங்களுக்கும் நடக்கும்" என்றார். முதுகு அடுத்த நாள்வரை வலித்தது.

பிறகு தெருவில் இறங்கினோம். என் மனைவிக்கு ஜோடி, பாடகர் குழுத் தலைவி. தங்களுக்கு ஞாபகம் இருக்கும், நம் பிள்ளைகள் கல்யாணத்தில் உச்சஸ்தாயியில் ஒரு பாட்டை எடுத்து, தங்கள் மைத்துனருக்குத் தூக்கிவாரிப் போட வைத்தாரே, அவரேதான். அந்த இருவரும் சூறாவளி மாதிரி ஒரு வரிசை வீடுகளை ஒரே மாலையில் முடித்தார்கள். எங்கள் நிலைமை வேறு. கறிக்கடைக்காரர் மணியடித்தால், கதவுத் துவாரம் வழியாகப் பார்க்கிறவர்கள் வீட்டில் யாரும் இல்லை என்று உள்ளிருந்தே சொல்லிவிடுவார்கள். அதனால் அவரைப் படியில் நிறுத்திவிட்டு நான் முன்னால் போனேன். அங்கேதான் சம்பந்தி, நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. "வணக்கம்மா, நாங்க பக்கத்துச் சபையிலேர்ந்து வர்றோம்" என்று நான் வாயைத் திறந்ததும், கதவைத் திறந்த அம்மாள் கண்ணைச் சுருக்கி, "இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கேனே" என்றார். கொஞ்சம் யோசித்தார். "தயவுசெய்து இணைப்பில் இருங்கள்! நீங்கதானே அது?"

நான்தான். வேலையில் இருந்த காலம் முழுக்க, இந்த வட்டாரத்தில் எந்தத் தொலைபேசி ஊமையானாலும் அவர்கள் காதில் விழுந்தது என் குரல். முகத்தை யாரும் பார்த்ததில்லை, குரலை யாரும் மறக்கவில்லை. அடையாளம் தெரிந்ததும் அந்த அம்மாள் நாற்காலி போட்டார், உட்கார்ந்தார், புகார் சொல்லத் தொடங்கினார். மாடி வீட்டுக்காரர் நாற்காலியை இழுக்கிறாராம். குழாய் ஒழுகுகிறதாம். மருமகள் நல்லவள்தானாம், ஆனாலும். நான் என்ன செய்வேன்? பழக்கதோஷம். "சொல்லுங்கம்மா" என்றேன். அவ்வளவுதான், இருட்டும்வரை சொன்னார். பக்கத்து வீட்டிலும் இதே கதை. ஒரு பெரியவர், மகன் போனே பண்ணுவதில்லை என்று சொல்லி, லைனில் ஏதாவது பழுதா என்று பார்க்கச் சொன்னார். லைனில் பழுது இல்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கறிக்கடைக்காரர் இந்த நேரத்தில் யார் வீட்டிலாவது பீரோவைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டோ, கட்டிலைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டோ இருப்பார்.

வகுப்பில் விசில் அம்மா கேட்டார்: "எத்தனை பேருக்கு சாட்சி சொன்னீங்க?"

"ஒருத்தருக்கும் சொல்லல மேடம்."

"இவ்வளவு நேரம் என்னதான் பண்ணீங்க?"

"கேட்டுக்கிட்டு இருந்தோம்."

அவர் விசிலைக் கையில் எடுத்தார், என்ன நினைத்தாரோ, ஊதாமல் விட்டுவிட்டார்.

இப்போது பூட்டுக்காரருக்கு வருகிறேன். எங்களுக்குக் கொடுத்த பகுதியில் கடைசியாக மிஞ்சியது அவர் கடைதான். கீழே கடை, மேலே வீடு, தனி ஆள். ஊரில் யார் வீட்டுக் கதவு மாட்டிக்கொண்டாலும் ஓடிப்போய்த் திறந்து கொடுப்பார், தன் வீட்டுக் கதவை மட்டும் யாருக்கும் திறக்க மாட்டார். சபையிலிருந்து போனவர்களை எல்லாம், "வேலை இருக்கு, போங்க" என்று ஒரே வார்த்தையில் அனுப்பியவர். அவருடைய மனைவி எங்கள் பாடகர் குழுவில் வெகுகாலம் பாடியவர். தொண்டையில் நோய் வந்து, குரல் போய், பிறகு ஆளும் போய்விட்டார். அதற்குப் பிறகு இவர் சபை வாசலை மிதிக்கவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால்தானே தெரியும்!

நாங்கள் போன மாலையில் அவர் தன் கடைக் கதவின் பூட்டையே பழுது பார்த்துக்கொண்டிருந்தார். உள்பக்கம் திருப்பும் குமிழைக் கழற்றியிருந்தார். அதுவும் கருவிப் பெட்டியும் வெளியே படியில் இருந்தன. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு எண்ணெய் எடுக்க உள்ளே போயிருந்தார். நாங்கள் உள்ளே நுழைந்தோம். சுவர் முழுக்கச் சாவிகள். ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், ஒரு மரப்பெட்டி. அவர் திரும்பிப் பார்த்தார். முகம் இறுகியது. வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் டொக்கென்று ஒரு சத்தம்.

"கதவைச் சாத்தினது யாரு?" என்றார் பூட்டுக்காரர்.

"காத்து வருதேன்னு..." என்றார் கறிக்கடைக்காரர், தொட்டில் குரலில்.

"காத்தா? செங்கல்லு எங்க?"

செங்கல் வெளியே இருந்தது. குமிழ் வெளியே. கருவிகள் வெளியே. நாங்கள் மூவரும் உள்ளே. பூட்டுக்காரர் கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்தார். "போச்சு. இனிமே வெளியிலேர்ந்து யாராவது திறந்தாத்தான் உண்டு" என்றார்.

என்னிடம் செல்போன் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். நான் சொன்னது, "பூட்டுக்காரர் கடைக்குள்ள மாட்டிக்கிட்டோம், கதவு பூட்டிக்கிச்சு." அவள் காதில் விழுந்தது, "பூட்டுக்காரரை கடைக்குள்ள... பூட்டி..." அதற்குமேல் கரகரவென்று சத்தம், லைன் போய்விட்டது. ஆயுள் முழுக்கத் தொலைபேசிக்கு உழைத்தவனுக்கு அது காட்டிய நன்றி இது. என் மனைவி நடுத்தெருவில் நின்று, "ஐயோ, இவர் பூட்டுக்காரரைப் பூட்டிட்டாராம்!" என்று கத்தியிருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தச் செய்திக்கு என் தயவோ அவள் தயவோ தேவைப்படவில்லை. அதுவே நடந்து தங்கள் ஊர்வரை வந்துவிட்டது.

உள்ளே என்ன நடந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மூவரும் சுவரில் இருந்த சாவிகளைப் பார்த்தோம். பிறகு பூட்டுக்காரர், "சரி, ஆரம்பிங்க" என்றார்.

"எதை?"

"எதுக்கு வந்தீங்களோ அதை. நானும் எங்கயும் போக முடியாது. சொல்லிட்டுப் போங்க."

சம்பந்தி, பயிற்சி பெற்றவனுக்கு இதைவிட வசதியான இடம் அமையுமா? கேட்கிறவர் ஓட முடியாது, விசில் ஊத ஆள் இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் இந்தச் சபையில்தான் பிறந்தேன்" என்று தொடங்கினேன். சொன்ன ஒரு வரியைக் கேட்டதும் அவர் தலையைத் தூக்கி என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க டெலிபோன் ஆபீஸ்ல..."

"ஆமாங்க. புகார் பிரிவு."

"என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில இருந்தப்போ எங்க போன் செத்துப்போச்சு. நான் பக்கத்துக் கடையிலேர்ந்து கூப்பிட்டுக் கண்டபடி கத்தினேன். உங்ககிட்டத்தான் கத்தியிருக்கணும்."

"இருக்கலாம் சார். நிறைய பேர் கத்துவாங்க."

"நீங்க பதிலுக்குக் கத்தல. 'சொல்லுங்க சார், கேக்குறேன்'னு சொன்னீங்க." சற்று நேரம் கையிலிருந்த எண்ணெய்க் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சபை மேல ஒரு புகார் இருக்கு. எடுத்துக்குவீங்களா?"

எனக்கு அது என் பிரிவு இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, வேலையில் இருந்தபோது வந்த அதே குரலில், "சொல்லுங்க சார்" என்றேன்.

சொன்னார். அவருடைய மனைவிக்குக் குரல் இருந்த காலத்தில் வீடு நிறைய ஆள் இருக்குமாம். ஒத்திகை, சிரிப்பு, அடுப்பில் எப்போதும் டீ. இவர் அரத்தால் சாவியை ராவிக்கொண்டே கீழே கேட்டுக்கொண்டிருப்பாராம். நோய் வந்தது. முதலில் எல்லாரும் வந்தார்கள், ஜெபம் பண்ணினார்கள். ஆபரேஷனில் குரல் போனதும் வருகை குறைந்தது. பிறகு நின்றது. அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். யார் வருவார்கள் என்று அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். வாயால் கேட்கவும் முடியாது. "பாடும்போது வந்தாங்க. குரல் போனதும் ஒருத்தர் வரல. செத்த பிறகு பெரிய மலர்வளையம் வந்துச்சு. அதை யாருக்கு நான் காட்டுறது?"

கறிக்கடைக்காரர் அழுதார். இந்த முறை அவர் அழுததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் அழவில்லை, புகார் எடுக்கிறவன் அழக்கூடாது என்பது எங்கள் பிரிவு வழக்கம். "வேற ஏதாவது இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டேன். இருந்தது. அதையும் சொன்னார். அவர் மனைவி உப்புக் குறைவாகச் சமைப்பாராம். இப்போது இவர் உப்பே போடாமல் சாப்பிடுகிறாராம், போடத் தெரியாமல் இல்லையாம்.

இதற்கிடையில் வெளியே கூட்டம் சேர்ந்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் வந்து கதவைத் தட்டி, "உள்ள இருக்கிறவரை உடனே விடுங்க!" என்று அதட்டினார். விசில் அம்மா கூட்டத்தை ஒழுங்குபடுத்த விசில் ஊதினார், அதைக் கேட்டுப் போலீஸ் வந்துவிட்டது என்று நினைத்து மேலும் கூட்டம் வந்தது. என் மனைவியும் பாடகர் குழுத் தலைவியும் கதவை ஒட்டி நின்றிருக்கிறார்கள். மெல்லிய பலகைக் கதவு. உள்ளே பேசியது வெளியே கேட்டிருக்கிறது. எதுவரை கேட்டது என்று தெரியாது, ஆனால் திடீரென்று வெளியே சத்தம் அடங்கியது. பிறகு பாடகர் குழுத் தலைவியின் குரல் வந்தது. எந்தப் பாட்டையும் உச்சத்தில் எடுக்கிற குரல், அன்றைக்குத் தரையோடு தரையாக இருந்தது.

"அண்ணே, நான்தான் பேசுறேன்."

பூட்டுக்காரர் எண்ணெய்க் குப்பியை மேஜையில் வைத்தார்.

"நாங்க மறக்கலண்ணே. பயந்துட்டோம். பாட முடியாதவங்க முன்னாடி நாங்க போயி நின்னா அவங்களுக்கு வலிக்குமோன்னு நினைச்சோம். என்ன பேசுறதுன்னு தெரியல. இன்னைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு... நாளே இல்லாம போச்சு. மன்னிச்சுக்கோங்கண்ணே."

பூட்டுக்காரர் எழுந்து கதவு பக்கம் போனார். கையைக் கதவில் வைத்தார். "எதுவும் பேசியிருக்க வேணாம்மா" என்றார். "சும்மா வந்து உக்காந்திருந்தா போதும். அவளும் சும்மாதான் உக்காந்திருந்தா."

அதற்குமேல் கதவின் இரண்டு பக்கமும் யாரும் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. விசில் அம்மாவும் ஊதவில்லை, மூன்று நிமிடம் கண்டிப்பாகத் தாண்டியிருக்கும்.

கடைசியில் அந்த அமைதியை உடைத்தது தங்கள் சம்பந்தியம்மாளாகிய என் மனைவிதான். "எல்லாம் சரி, இப்போ கதவைத் திறக்கிறது யாரு?" என்றாள். பூட்டுக்காரர் உள்ளே இருந்தபடியே அவளுக்கு வழி சொன்னார். "பெட்டியில சின்ன திருப்புளி இருக்கு பாருங்கம்மா, எடுங்க. ஓட்டைக்குள்ள விட்டு வலது பக்கம் திருப்புங்க." "எனக்கு வலதா, உங்களுக்கு வலதா?" "உங்களுக்குத்தாம்மா." "அப்படித் தெளிவா சொல்லுங்க." சங்கத் தலைவர் நடுவில் புகுந்து யோசனை சொல்லப் பார்த்தார். "நீங்க தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்று என் மனைவி சொன்னதும் தள்ளி நின்றார். எத்தனையோ கூட்டங்களில் யாருக்கும் அடங்காத மனிதர். கொஞ்சம் முனகிவிட்டுக் கதவு திறந்தது. பூட்டுக்காரர் வாசலில் நின்று, கூட்டத்தைப் பார்க்காமல் என் மனைவியின் கையைப் பார்த்து, "நல்ல கைம்மா. பூட்டுக்குப் பழகின கை மாதிரி இருக்கு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பூட்டும் பத்திரமாக இல்லை.

சங்கத் தலைவர் மறுநாள் போதகரிடம் போய், இந்த வீடு வீடாகப் போகிற வேலையை நிறுத்தாவிட்டால் மேலிடத்துக்கு எழுதுவேன் என்று சொன்னது உண்மை. போதகரும் பயந்துபோய், பயிற்சியைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாமா என்று கமிட்டியைக் கூட்டியதும் உண்மை. இந்த மட்டும் தங்களுக்குச் சரியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. தங்களுக்கு வராத பாகம் இனிமேல்தான். கமிட்டி கூடி, எல்லாரும் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது, பூட்டுக்காரர் உள்ளே வந்தார். யாரும் அழைக்கவில்லை, தானாக வந்தார். சங்கத் தலைவரும் அங்கேதான் இருந்தார். "என்னை யாரும் பூட்டல. யாரும் எனக்குப் பிரசங்கம் பண்ணல. நான்தான் பேசினேன், இவங்க கேட்டாங்க. இதுக்கு மேலிடத்துல எழுத என்ன இருக்கு?" என்றார். தலைவர் ஏதோ சொல்ல வந்தார். பூட்டுக்காரர், "உங்க வீட்டுப் பின்கதவு சரியாத்தான் சாத்துதா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அதில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது, தலைவர் வாயை மூடிக்கொண்டு டீ குடித்தார்.

அடுத்த வாரம் பாடகர் குழுப் பெண்கள் எல்லாரும் பூட்டுக்காரர் வீட்டுக்குப் போனார்கள். போதகர் கூட வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். மேலே அந்த ஜன்னல் இருக்கும் அறையில் உட்கார்ந்தார்களாம். பாடவில்லை, பேசவில்லை. எங்கள் பாடகர் குழு ஒரு மாலை முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருந்தது என்று நான் சொன்னால் தாங்கள் நம்ப மாட்டீர்கள். நானே என் மனைவி சொன்னதால்தான் நம்பினேன். அவளும் கூடவே போயிருந்தாள், அவளும் பேசவில்லையாம். பூட்டுக்காரர் டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்ததாம். யாரும் குறை சொல்லவில்லை.

அவர் சபைக்கு வந்துவிட்டாரா என்று கேட்பீர்கள். தங்களைப் போன்ற செயலாளர்களுக்கு எண்ணிக்கை முக்கியம். வந்தார் என்றும் சொல்ல முடியாது, வரவில்லை என்றும் சொல்ல முடியாது. போன ஞாயிறு சபையின் பின்கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்க்க வந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் நேரம் கிடைத்ததாம். ஆராதனை நடந்துகொண்டிருந்தது. பாடகர் குழு எழுந்து பாடியது. அவர் ஒரே ஒரு திருகாணியை அந்தப் பாட்டு முழுக்கத் திருகிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் திருகாணியும் முடிந்தது. இன்னும் சில திருகாணிகள் தளர்வாக இருப்பதாகவும், அவற்றை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க முடியும் என்றும் போதகரிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கதவு இனி அவசரப்பட்டுச் சரியாகிவிடக்கூடாது என்று நாங்கள் எல்லாரும் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்.

பயிற்சி நிற்கவில்லை. விசில் அம்மா, அடுத்த தொகுதிக்கு "கேட்பது எப்படி" என்று ஒரு வகுப்பு சேர்த்து, அதை என்னைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இந்தச் செய்தியைக் கேட்ட என் மனைவி வெகுநேரம் சிரித்துவிட்டு, "முதல் பாடத்தை வீட்டுல நடத்தச் சொல்லுங்க மேடம்" என்றாள். நான் அதையும் கேட்டுக்கொண்டேன். சம்பந்தி, என் வாழ்க்கையில் மாற்றம் நடந்த தருணம் எது என்று இப்போதும் என்னைக் கேட்டால் தடுமாறத்தான் செய்வேன். ஆனால் மாலையில் அந்தத் தெரு வழியாகப் போகும்போது ஜன்னல்களிலிருந்து "சார், ஒரு நிமிஷம்" என்று கூப்பிடுகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. டப்பாக்களைப் பழையபடி கலைத்து வைத்துவிட்டேன். மனம் நிறைவாக இருக்கிறது. இதுதான் நடந்தது. இதில் ஒளித்தது ஒன்றும் இல்லை, கூட்டியது ஒன்றும் இல்லை. கறிக்கடைக்காரர் காற்று வருகிறதே என்று நல்ல எண்ணத்தில் சாத்திய ஒரு கதவு, அதற்குமேல் எந்தச் சூழ்ச்சியும் இதில் கிடையாது என்று தங்கள் கமிட்டி முன்பு தாங்கள் தாராளமாகச் சாட்சி சொல்லலாம்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் அன்பையும் சொல்லவும். தங்கள் வீட்டு வாசலையும், அதில் வந்து நிற்கிறவர்களையும் கர்த்தர் ஆசீர்வதித்து, தங்கள் இரத்த அழுத்தத்தையும் சீராகக் காத்தருள்வாராக.

இப்படிக்கு,
உண்மையை உள்ளபடி எழுதிய,
தங்கள் சம்பந்தி.

பி.கு.: இதை உறையில் போடப்போன நேரத்தில் கறிக்கடைக்காரர் வந்தார். தப்பு ஏதும் இருந்தால் சொல்லட்டும் என்று படித்துக் காட்டினேன். செங்கல் வருகிற இடத்திலேயே அழத் தொடங்கினார். வழக்கமான அழுகைதானே என்று நான் நிறுத்தாமல் முடிவுவரை படித்தேன். பிறகு சொன்னார்: "காத்துக்காக இல்லண்ணே. அவர் 'போங்க'ன்னு சொல்ல வாயைத் திறந்தார். இன்னைக்குப் போயிட்டா இனிமே வரவே முடியாதுன்னு தோணுச்சு. நான்தான் செங்கல்லைக் காலால தள்ளிட்டு, வேணும்னே சாத்தினேன்." அவரை இழுத்துக்கொண்டு நேரே பூட்டுக்காரர் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்க வைத்தேன். பூட்டுக்காரர் சாவி ராவுவதை நிறுத்தாமல், "தெரியும். தள்ளினதைப் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்" என்றார். "அந்தக் கதவை உள்ளேயிருந்து திறக்க எனக்கு ஒரு டீஸ்பூன் போதும். மேஜை மேலயே இருந்துச்சு." பின்னே ஏன் சார் திறக்கவில்லை என்று கேட்டேன். "முதல்ல உங்க ரெண்டு பேரையும் கொஞ்ச நேரம் பயமுறுத்தலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் நீங்க 'சொல்லுங்க சார்'னு சொல்லிட்டீங்க" என்றார். ஆகவே சம்பந்தி, பூட்டியதும் நாங்கள்தான், பூட்டப்பட்டிருந்தது யாரும் இல்லை. மேலே எழுதியதில் முதல் பத்தியில் உள்ள நலவிசாரிப்பு மட்டுமே முழு உண்மை என்று ஆகிறது. கமிட்டிக்குத் தயவுசெய்து அதை மட்டும் படித்துக் காட்டவும்.